ஏழு இதழ்த் தொப்பி

இது நடந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. சாட்சி கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அதையும் என் கையாலேயே மண்ணுக்குள் வைத்துவிட்டேன்.

பேய் என்றதும் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. 1999ஆம் வருஷம், மே மாதம், அக்னி நட்சத்திரம். வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சி நேரத்தில் நடந்தது இது.

என் பெயர் தானியேல். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட யூனிபாரம், ஜாக்கெட், எங்கள் சபைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நான கவுன் என்று பிழைப்பு ஓடுகிறது. பிழைப்பு அது, பைத்தியம் வேறு. பழைய லேஸ் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பேன்.

லேஸ் என்றால் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குவது இல்லை. விரல் நீளத்தில், தறியில் ஓடுகிற மாதிரி, படகு வடிவத்தில் ஒரு குட்டி நாடா இருக்கும். அதில் நூலைச் சுற்றி, இன்னொரு கை விரல்களில் நூலை மாட்டி, முடிச்சு முடிச்சாகப் போட்டு, இழுத்து வளையமாக மூட வேண்டும். ஆங்கிலத்தில் டாட்டிங் என்பார்கள். எங்கள் பக்கம் முடிச்சு லேஸ். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தையலைப் பிரிக்கலாம், ஸ்வெட்டரைப் பிரிக்கலாம். முடிச்சு லேஸில் ஒரு வளையத்தை இழுத்து மூடிவிட்டால் மூடியதுதான். வேண்டாம் என்றால் வெட்டித்தான் எறிய வேண்டும்.

இந்த வேலைக்கு அந்தக் காலத்தில் அச்சடித்த புத்தகங்கள் இருக்கின்றன. வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாக்கள் கப்பல் பெட்டியில் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகங்கள், மிஷன் அச்சகத்தில் அடித்த தமிழ்ப் புத்தகங்கள். தாளைத் தொட்டால் உதிரும். தாளைக் கோத்த கம்பி துருப்பிடித்து நடுப்பக்கம் காவியேறிக் கிடக்கும். ஆனால் படத்தைப் பார்க்க வேண்டும்! ஒவ்வொரு முடிச்சையும் எண்ணலாம். போட்டோ இல்லாத காலத்தில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து அத்தனை முடிச்சையும் அச்சுக்கான மரக்கட்டையில் செதுக்கியிருக்கிறான். அந்த ஆளை நினைத்து நான் சாப்பாட்டையே மறந்திருக்கிறேன். பழைய பேப்பர் கடை முத்துகிருஷ்ணன் எடைக்கு வந்ததில் அப்படி ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புவார். "டெய்லரே, பொம்பள புக்கு ஒண்ணு வந்துகீது" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். நான் வெட்கப்படுகிற ஜாதி இல்லை.

என் அம்மா லேஸ் போட்டவள், எனக்கும் கற்றுக்கொடுத்தவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் புத்தகத்தைப் படிப்பேன், அவள் போடுவாள். அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் இது யாருக்கு என்று சொல்ல வேண்டும். 'மரியாள் அக்கா கல்யாணத்துக்கு', 'பாதிரியார் வீட்டு மேசைக்கு' என்று சொன்ன பிறகுதான் முதல் வரி. வரி முடிந்ததும் நிறுத்த வேண்டும். அவள் போட்டு முடித்ததும் 'ம்' என்பாள். அதற்குப் பிறகு அடுத்த வரி. 'ம்' கேட்ட பிறகும் படிக்காமல் இருந்தால் முதுகில் ஒன்று விழும். மிஷன் லேஸ் ரூம்களிலும் இதே முறைதான். ஒருத்தி மேசையில் உட்கார்ந்து படிப்பாள். பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருப்பவர்கள் போட்டுவிட்டு 'ம்' கொட்டுவார்கள்.

அந்த மே மாதம் என் மனைவி ஷாரோனுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவள் மூன்று மாதம் யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்கூட. இது ஒன்றாவது தங்கிவிட வேண்டும் என்று நான் கும்பிடாத நேரம் இல்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கடைத் தொப்பி வேண்டாம், ஞானஸ்நானத்துக்கு நீங்களே லேஸ் தொப்பி போட்டுக் கொடுங்கள் என்றாள்.

என்னிடம் இருந்த புத்தகம் எதிலும் குழந்தைத் தொப்பி இல்லை.

பெருநகரைத் தாண்டி, செய்யாற்றுப் பக்கம் போகிற மண் ரோட்டில் ஒரு மிஷன் காம்பவுண்டு இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். லேஸ் ரூம் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. இடத்தை விற்றுவிட்டார்கள், அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள், உள்ளே அலமாரி நிறையப் புத்தகம் கிடக்கிறது என்று முத்துகிருஷ்ணன் சொன்னார். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வாட்ச்மேன் ஐசக் வயதான மனிதர். சாவியைத் திருப்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பதினோரு வருசமா தொறக்கல. பாம்பு கீம்பு இருக்கும், பாத்து" என்றார். கதவைத் திறந்துவிட்டாரே தவிர அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. சாப்பிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனார்.

நீளமான அறை. இரண்டு பக்கமும் பெஞ்சுகள், கதவுப் பக்கம் படிப்பவளுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஜன்னல் எல்லாம் மேலே, எட்டாத உயரத்தில். வெளியே அனல் அடித்தது. உள்ளே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் ஜில்லென்று இருந்தது. பழைய கட்டடம், சுவர் கனம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று வெள்ளைப் பேன்ட். உட்கார்ந்த பிறகுதான் அடடா, தூசி என்று எழுந்து பின்பக்கம் தட்டினேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. பெஞ்சைத் தடவிப் பார்த்தேன். அதிலும் தூசி இல்லை. தரையில் கணுக்கால் வரை தூசி. ஆனால் உட்காருகிற இடங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன.

அலமாரியைப் பார்த்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டேன். என் புத்தி அப்படி.

பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் ஒரு தமிழ்ப் புத்தகம், ஒரே மாதிரி இரண்டு பிரதி. மேலே இருந்ததைப் பிரித்தேன். மேசை விரிப்பு, கைக்குட்டை ஓரம், பலிபீடத் துணி... கடைசிப் பக்கத்தில் குழந்தைத் தொப்பி. அவ்வளவு அழகு. உச்சியில் ஒரு பூ, அதைச் சுற்றி வளையம் வளையமாக இறங்கி, நெற்றியில் அலை மாதிரி ஒரு ஓரம். ஷாரோன் இதைப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

பழைய புத்தகத்தில் பிழை இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. வாய்விட்டுப் படித்தால்தான் எங்கே இடிக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அதனால் படிக்க ஆரம்பித்தேன். பழக்கதோஷம், முறையாகவே ஆரம்பித்தேன்.

"ஷாரோன் குழந்தைக்கு."

முதல் வரி: "நடு வளையம். மூன்று முடிச்சு, ஒரு கண்ணி. இப்படி..." எத்தனை கண்ணி என்கிற இடத்தில் பூச்சி அரித்து ஒரு ஓட்டை. கண்ணி என்றால் முடிச்சுகளுக்கு நடுவில் விடுகிற சின்ன நூல் வளைவு; ஒரு கண்ணிக்கு உச்சிப் பூவில் ஒரு இதழ். படத்திலும் உச்சி மங்கலாக இருந்தது. குத்துமதிப்பாக "ஏழு கண்ணி, மூடு" என்று படித்துவிட்டு மேலே போனேன்.

எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம்.

பல்லி. நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டேன். கிறிஸ்தவனாக இருந்தாலும் பல்லி சொன்னால் சந்தோஷப்படத்தானே செய்கிறோம்.

கடைசி வரிவரை படித்தேன். எங்கும் இடிக்கவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. ஞானஸ்நானத் தொப்பி என்றால் ஓரத்தில் ரிப்பன் கோக்க ஓட்டை விட்டிருக்கும். தாடைக்குக் கீழே கட்ட வேண்டுமே. இதில் ஓட்டையும் இல்லை, ரிப்பனும் இல்லை. எழுதியவர் மறந்திருப்பார், நாம் விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த 'ஏழு'வும் சந்தேகமாக இருந்தது. ஐந்தாக இருக்குமோ? ஐந்து வைத்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

"ஷாரோன் குழந்தைக்கு. நடு வளையம். மூன்று முடிச்சு, ஒரு கண்ணி. இப்படி ஐந்து கண்ணி. மூடு."

டிக்... டிக்...

பல்லி இல்லை. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நாடாவின் இரண்டு முனையும் ஒட்டியிருக்கும். நூலை இழுத்து விடும்போது அந்த முனைகளுக்கு நடுவில் நூல் புகுந்து வரும். அப்போது வருகிற சத்தம்.

நான் வாயை மூடினேன்.

சத்தம் நின்றது.

வெளியே ஒரு காக்கா கத்தியது. புழுக்கமே இல்லாத அந்த அறையில் எனக்கு முதுகெல்லாம் வியர்வை. எழுந்து போய்விடலாம், கதவு திறந்துதான் இருக்கிறது, பத்தடிகூட இல்லை என்று நினைத்தேன்.

அப்போது பின்பெஞ்சிலிருந்து...

"ம்."

அடுத்த வரி கேட்கிற 'ம்'. என் அம்மா கொட்டுவாளே, அதே மாதிரி. போட்டு முடித்துவிட்டேன், மேலே படி என்கிற 'ம்'.

ஓடியிருக்க வேண்டும். இன்றுவரை ஷாரோன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் 'ம்' என்று கேட்டால் அடுத்த வரி படிக்கிற வாய் என்னுடையது. சின்ன வயதிலேயே அடித்துப் பழக்கிய வாய். அது தானாகப் படித்தது.

"இரண்டாம் சுற்று. நான்கு முடிச்சு. முதல் கண்ணியில் சேர்..."

டிக்... டிக்... டிக்...

இப்போது ஒரு இடத்திலிருந்து இல்லை. இடது பக்கம். வலது பக்கம். முன்பெஞ்சு.

"...நான்கு முடிச்சு. மூடு."

சர்ர்ர்...

நூல்கள் இழுபடும் சத்தம். ஒரே நேரத்தில். அறை முழுக்க.

"ம்."

"ம்."

"ம்."

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் என்ன இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்தின் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஏதோ அசைந்தது. விரல்களின் நிழல். போய் வந்து... போய் வந்து...

மூன்றாம் சுற்று.

நான்காம் சுற்று.

நெற்றி ஓரம்.

"...கடைசி வளையம். மூடு. நூலை வெட்டு."

க்ளிக்.

எத்தனையோ கத்தரிக்கோல். ஒரே 'க்ளிக்'.

பிறகு யாரும் 'ம்' கொட்டவில்லை.

புத்தகம் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். அப்போதும் புத்தகத்தை விடவில்லை பாருங்கள். ஐசக் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"இன்னா டெய்லரே, வூட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கினா வந்த?"

இல்லையே என்றேன்.

"பின்ன, நீ படிக்கச் சொல்ல 'உம்' கொட்டிக்கினு இருந்தது யாரு? வேப்பமரம் வரைக்கும் கேட்டுச்சே."

கதவைப் பூட்டியவர் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வாசல்படியிலேயே போட்டுவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஷாரோன் என் சட்டையிலிருந்து எதையோ பொறுக்கினாள். வெட்டின வெள்ளை நூல் துண்டுகள், தோளிலும் முதுகிலும். தையல்காரன் மேல் நூல் இருப்பது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். அந்த வாரம் முழுக்க நான் தைத்தது காக்கி யூனிபாரம்.

"அங்க இன்னும் வேல பண்ணிக்கினு கீறாங்களா?" என்று கேட்டாள். நல்ல நூல் என்று விரலில் உருட்டிப் பார்த்தாள். அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புள்ளத்தாச்சியைப் பயமுறுத்தக் கூடாது என்று நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது பிரதியில் அந்தப் பக்கம் பூச்சி அரிக்காமல் இருந்தது. 'ஐந்து கண்ணி' என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஆக, நான் முதலில் படித்த ஏழு தப்பு, இரண்டாவது படித்த ஐந்து சரி. வேறு சமயமாக இருந்தால் துள்ளியிருப்பேன். புத்தகங்களைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அந்தத் தொப்பியை நான் போடவில்லை. நாடாவைக் கையில் எடுக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, குழந்தை அசையவில்லை என்றாள் ஷாரோன்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேன் பிடித்துக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவள் வயிற்றில் கை வைத்துக் குழந்தையிடம் பேசிக்கொண்டே வந்தாள். ஏனாத்தூர்ப் பக்கம் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பெண் குழந்தை. அழவே இல்லை.

மத்தியானம், நல்ல வெயில் நேரம், வார்டில் வேலை செய்கிற அம்மா துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். நான் முகத்தைப் பார்த்தேன். பிறகு தலையைப் பார்த்தேன்.

லேஸ் தொப்பி. வெள்ளை வெளேரென்று.

"நாங்க தொப்பி எதுவும் எடுத்துக்கினு வரலியே" என்றேன்.

"உங்க ஆளுங்கதான் குடுத்தாங்க."

"யாரு?"

"வெளிய பெஞ்சுல வரிசையா உக்காந்துகினு இருந்தாங்களே, பொம்பளைங்க. குடுத்துட்டுப் பூட்டாங்க."

எங்கள் கூட யாரும் வரவில்லை. நானும் வேன் டிரைவரும்தான்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உச்சிப் பூவின் இதழ்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் அப்படிப் போட்டிருக்காது. புத்தகத்தில் ஐந்து. ஏழு என்று சொன்னவன் ஒரே ஆள்தான். என் வாய்தான்.

தொப்பியில் ஏழு இதழ் இருந்தது.

கழற்றப் போனேன். ஷாரோன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. அழகா கீது. இதாவது இருக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? அப்படியே புதைத்தோம்.

அந்த வருஷக் கடைசியில், மாகறல் பக்கம் காலனியில் செல்லாயி என்று ஒரு வயதான பெண் இருப்பதாக ஐசக் சொல்லி அனுப்பினார். சின்ன வயதில் அந்த லேஸ் ரூமில் வேலை செய்தவள். பிறகு வாழ்நாள் முழுக்க நாற்று நட்டவள். போய் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்துத் தொப்பியில் ரிப்பன் ஓட்டை ஏன் இல்லை என்று மட்டும் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"தல ஆட்டுற கொயந்தைக்குத்தான் ரிப்பன் கட்டணும், நைனா."

ஒரு கோடையில் வாந்திபேதி வந்து சேரிக் குழந்தைகள் வரிசையாகச் செத்ததாம். வெறும் தலையோடு புதைக்க வேண்டாம் என்று மிஸ்ஸியம்மா அந்தத் தொப்பியைப் போட வைத்தாளாம். அந்தக் கோடை முழுக்க லேஸ் ரூமில் அது ஒன்றுதான் வேலை. போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கும் வந்தது. பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன என்றாள். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டார்களாம். மிஸ்ஸியம்மா குச்சியால் மேசையில் தட்டுவாள், இவர்கள் தட்டலை எண்ணிப் போடுவார்கள். யாருக்கு என்று பெயரும் சொல்ல மாட்டார்கள்.

"பேரு சொல்லிப் படிச்சா, போட்டுக் குடுக்காம வுட மாட்டாங்க" என்றாள். அவர்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவளே கேட்டாள்.

"எத்தினி வாட்டி படிச்ச, நைனா?"

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புத்தகம் இரண்டையும் எரித்துவிட்டேன். எரித்து என்ன, இரண்டு தடவை படித்தாகிவிட்டது. மூடின வளையத்தைப் பிரிக்க முடியாது என்று முதலிலேயே சொன்னேன். கடை வாசலில் வாடிக்கைக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டிருந்தேன். அதைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம் இடைஞ்சல் என்று சொல்லி வைக்கிறேன்.

இது 2002. ஷாரோனுக்கு மறுபடி ஆறு மாதம். குழந்தை நன்றாக அசைகிறது என்கிறாள், என் கையை எடுத்து வயிற்றில் வைக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

ஐந்து இதழ்த் தொப்பி இன்னும் வரவில்லை.